தோள் ஏறாத குதிரை

கட்டில் தலைமாட்டில் மயில் செதுக்குகிறவனாக இருந்தேன். முப்பத்தைந்து வயது வரைக்கும் அதுதான் நான். சிதம்பரத்தில் ஒரு மரச்சாமான் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து, சீர்வரிசைக்குப் போகும் கட்டில்களுக்கு இரண்டு மயில், பீரோக் கதவுக்கு ஒரு தாமரை, பூஜை அலமாரிக்கு ஓர் ஓம். இடது மயில் வலது மயிலைப் பார்க்க வேண்டும். கழுத்து கொஞ்சம் வளைய வேண்டும். வேறொன்றும் கேட்க மாட்டார்கள். எத்தனை தம்பதிகளின் தலைக்கு மேல் என் மயில்கள் சண்டைக்கு நிற்பதுபோல் நிற்கின்றனவோ, தெரியாது. ஓவியக் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்து, மூன்றாம் வருஷம் போகாமல் விட்டவன். விவசாயக் குடும்பம், மரவேலை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. கடையில் எல்லாரும் என்னை ஆசாரி என்றார்கள். ஆர்ட்டிஸ்ட் என்று திருத்துவேன். சிரிப்பார்கள். மறுபடியும் திருத்துவேன்.

2007இல், பங்குனி வெயிலில், ஒரே பைக்கில் மூன்று பேர் கடைக்கு வந்து இறங்கினார்கள். கடலூருக்குத் தெற்கே உப்பனாற்றை ஒட்டிய ஒரு மீனவ ஊர். நடுவில் உட்கார்ந்து வந்தவர் ஊர்த் தலைவர். ஐம்பது ஐம்பத்தைந்து வயது, காற்றோடு பேசிப் பேசிப் பெருத்த குரல். ஏதோ ஒரு கல்யாண மண்டபத்துக் கதவில் நான் செதுக்கிய குதிரைத் தலையைப் பார்த்திருக்கிறார். உள்ளங்கை அளவுத் தலை.

“அந்தத் தலய பண்ணது நீதானா தம்பி?”

“ஆமாங்க.”

“ஒடம்பு பண்ணுவியா?”

அவர்கள் அம்மனுக்கு ஒரு மரக்குதிரை இருந்தது. மாசி மகத்தன்று சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகளெல்லாம் கடலாட வரும்போது, இவர்கள் அம்மன் அந்தக் குதிரைமேல் ஏறி, பதினாறு பேர் தோளில் மணலில் இறங்கி, அலை தொடும் இடம் வரைக்கும் போவாள். 2004 டிசம்பரில் அலையே ஊருக்குள் வந்தபோது குதிரை போய்விட்டது. அடுத்த மாசி மகத்துக்கு அம்மன் கடலுக்குப் போகவில்லை. கடலின் முகத்தைப் பார்க்க யாருக்கும் மனசில்லை. அதற்கப்புறம் இரண்டு வருஷமும் டிராக்டரில் போனாள்.

“டிராக்டர்ல போவுது தம்பி எங்க ஆத்தா. நெல்லு மூட்ட மாதிரி.” தலைவர் கடையின் புதுக் கட்டில் ஒன்றில் உட்கார்ந்துகொண்டார். “பக்கத்து ஊர்க்காரன் இன்னா கேக்கறான் தெரியுமா? ஒங்க ஆத்தா லைசென்சு எடுத்துட்டாளான்னு கேக்கறான்.”

கூட வந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். தலைவர் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

“தோள்ல போவணும். வர்ற மாசி மகத்துக்குக் குதிர வேணும். பெரிசா. கரையில எவன் பாத்தாலும் வாயப் பொளக்கணும்.”

பெரிசா. அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. அதற்குச் சற்று முன்னால் அவர் சொன்ன தோள் என்ற சொல் காதில் விழுந்தது, வழிந்து போயிற்று.

மரம் தேடிக் குமராட்சிப் பக்கம் போனேன். துணைக்கு மச்சான் வந்தான். என் மனைவியின் தம்பி. குறிஞ்சிப்பாடியில் நிலை, ஜன்னல், கதவு என்று வீடு கட்டுகிறவர்களுக்குத் தச்சு வேலை செய்கிறவன். ஒரு வாய்க்கால் கரையில், வெட்டிச் சாய்த்த இலுப்பை கிடந்தது. இரண்டு பேர் கை கோத்தாலும் எட்டாத அடிமரம். ஆளுயரம் தாண்டி ஒரு பெருங்கிளை மேல்நோக்கிப் பிரிந்திருந்தது. நான் அந்தப் பிரிவைப் பார்த்தேன். உடல் படுத்திருக்கிறது, கழுத்து எழுந்திருக்கிறது. குதிரை ஏற்கெனவே அங்கே இருந்தது. மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் மரத்தை நான் தள்ளிவிட்டால் போதும் என்று தோன்றியது. அப்படித்தான் தோன்றும். எல்லா முட்டாள்தனமும் முதலில் தரிசனம்போலத்தான் வரும்.

“மாமா, இது தேருக்குப் போற மரம்,” என்றான் மச்சான். “இரும்பு. வாகனத்துக்கு அத்தி எடுக்கலாமே? பலகையா அறுத்து, உள்ள கூடு வெச்சி பொட்டி மாதிரி கூட்டிப்புடலாம். மேல நீ செதுக்கிக்க.”

“பொட்டியச் செதுக்க நான் எதுக்குடா?”

“பொட்டியத்தான் மாமா தூக்க முடியும்.”

“ஒரே மரத்துல வரணும் மச்சான். அந்தக் கெளயப் பாரு. கழுத்து அங்கயே நிக்குது.”

அவன் கிளையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். “அக்காவுக்குத் தெரியுமா?” என்றான்.

தேருக்குச் சக்கரம் உண்டு. குதிரைக்கு மனிதனின் தோள்பட்டை எலும்பு மட்டும்தான். எழுத இரண்டு விநாடி ஆகிற இந்த ஒரு வரி, அன்று அந்த வாய்க்கால் கரையில் என் புத்திக்கு வரவில்லை.

கடையை விட்டு நின்றேன். கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில் ஒரு மரவாடிக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட கொட்டகை கிடைத்தது. தினம் காலையில் சிதம்பரத்தில் பஸ் ஏறுவேன். புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் தாண்டி, குடிகாடு வரும்போது ரசாயன ஆலை நாற்றத்துக்குப் பஸ்ஸில் பாதிப் பேர் ஜன்னலை இழுத்து மூடுவார்கள். அந்தச் சத்தம் வந்தால் நான் இறங்கத் தயாராகிவிடுவேன். கொட்டகையில் இலுப்பை கிடக்கும். எண்ணெய்க் கசப்பும் ஈரமும் கலந்த அதன் வாசனை சட்டையில் ஏறி, சோற்றில் ஏறி, தூக்கத்தில் ஏறி, என் மனைவியின் தலையணை வரைக்கும் போனது.

முதல் மாதம் சந்தோஷம். பொய் சொல்வானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. வாச்சியைத் தூக்கிப் போட்டால் சிராய் கைப்பிடி கைப்பிடியாகப் பறந்தது. இரண்டாம் மாதம் பயம் வந்தது. மயிலை மடியில் வைத்துச் செதுக்கலாம். மொத்த மயிலும் ஒரே பார்வைக்குள் இருக்கும். இங்கே, கழுத்தருகே நின்றால் வயிறு தெரியாது. வயிற்றருகே குனிந்தால் தலை எங்கோ தகரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஒரு வெட்டு வெட்டிவிட்டு இருபது அடி பின்னால் ஓடுவேன். பார்ப்பேன். திரும்ப ஓடிவந்து வெட்டுவேன். மரவாடிக் கூலியாட்கள் வேடிக்கை பார்ப்பார்கள். “குதிரயாண்ட குதிர ஓடுதுடா,” என்பார்கள்.

ஆவணியில் ஒருநாள் மனைவி சோற்றுத் தூக்கோடு பஸ் ஏறி வந்தாள். அதுவரை பார்த்ததில்லை அவள். வாசலிலேயே நின்று, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

“எப்படி இருக்கு?” என்றேன்.

“நல்லாத்தான் இருக்குது. மயிலுக்கு நாலு காலு வெச்சிட்டீங்க.”

சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் பஸ் ஏறிப் போனபின் இருபது அடி பின்னால் போய் நின்றேன். மயில்தான். பதினைந்து வருஷம் ஒரே கழுத்தை வளைத்த கை, கேட்காமலே அதே வளைவை இங்கேயும் போட்டிருந்தது. நான் பார்க்கவே இல்லை. என் கைக்குள் என்னைக் கேட்காமல் யாரோ குடியிருக்கிறார்கள் என்று அன்று தெரிந்தது. அன்றைக்கு வேலை செய்யவில்லை. அடுத்த நாளும் செய்யவில்லை. மூன்றாம் நாள் கழுத்தை உள்ளே உள்ளே வெட்டிக் குறைத்தேன். இரண்டு மாத வேலை சிராயாகித் தரையில் கிடந்தது. அதைத் திரும்பப் பிடிக்க இன்னும் இரண்டு மாதம்.

ஐப்பசி மழையில் தகரம் அடித்துக்கொண்டே இருந்தது. கால்களை மட்டும் தனியே செதுக்கிப் பொருத்தி, ஒரு கனத்த பலகைப் பீடத்தில் நிறுத்தினேன். பிடரி வந்தது. மூக்குத் துவாரம் வந்தது, அதிலிருந்து மூச்சு வரவில்லை. பொறுத்தேன். மார்கழி கடைசியில் ஒருநாள், தாடையின் கீழ் ஒரு நரம்பை எடுத்துவிட்டு நிமிர்ந்தபோது, குதிரை வந்துவிட்டது. எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அதுவரை மரத்தோடு இருந்தேன். அப்புறம் கொட்டகையில் நாங்கள் இரண்டு பேர் இருந்தோம். கண் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் இரண்டு மொழுக்கைகள், தூங்குகிறவனின் இமைபோல.

கண்ணைக் கடைசியில்தான் திறக்க வேண்டும். செதுக்கினவன் கையால், பூசாரி குறிக்கும் நேரத்தில், தேன் தொட்ட ஊசியாலும் சின்ன உளியாலும் கருவிழியைக் கீற வேண்டும். கீறி முடித்தால் அது மரம் இல்லை. அப்புறம் அதன்மேல் இரும்பு படக் கூடாது. ஆணி கூட அடிக்கக் கூடாது. அதனால் கண் திறக்கும் முன்பே தண்டு கட்டி, ஆட்களை விட்டுத் தூக்கிப் பார்த்து, சாய்கிறதா, எந்தப் பக்கம் கனக்கிறது என்று சரிபண்ணிவிடுவார்கள். பரம்பரையாகச் செய்கிற எந்த வீட்டிலும் இதைச் சொல்லிக்கூடத் தரமாட்டார்கள், அத்தனை சாதாரணம். எனக்கும் தெரியும். தெரியாது என்று சொன்னால் தப்பித்துக்கொள்ளலாம். தலைவரே கேட்டாரே.

“தை வெள்ளிக்கு நாள் குறிக்கச் சொல்றியே தம்பி. ஊருக்குக் கொண்டாந்து, ஒரு தபா தூக்கிப் பாத்துட்டு, அப்பறம் கண்ணத் தொறந்தா இன்னா?”

“கண்ணில்லாத குதிரைய எப்பிடித் தூக்குவீங்க? மரத்தையா தூக்கப் போறீங்க? குதிரையத் தூக்குங்க தலைவரே.”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு, “ஆர்ட்டிஸ்டு சொன்னா சரி,” என்றார். முதல்முறையாக ஒருவர் அந்தச் சொல்லைச் சிரிக்காமல் சொன்னார். அது போதாதா, நான் குருடாவதற்கு? அவசரம் அவர்களுடையது இல்லை. மாசி மகத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. எனக்கு அது என்னைப் பார்க்க வேண்டும் என்றிருந்தது. ஒன்பது மாதம் நான் அதைப் பார்த்தேன். ஒரு தடவை அது என்னைத் திரும்பிப் பார்த்துவிட வேண்டும்.

தை வெள்ளி காலையில் கொட்டகையில் ஐம்பது பேர். பெண்கள் விளக்கோடு வந்திருந்தார்கள். பூசாரி தலையாட்டினார். ஊசியைத் தேனில் தொட்டேன். இடது விழி. வலது விழி. பூசாரி குதிரையின் முகத்துக்கு நேரே கண்ணாடி காட்டினார். குலவைச் சத்தத்தில் தகரம் அதிர்ந்தது. அது பார்த்தது. என்னைத்தான் பார்த்தது. என் வாழ்க்கையில் நான் முழுசாக இருந்தது அந்தக் கால் மணி நேரம்தான் என்று நினைக்கிறேன்.

அன்றே டிராக்டரில் ஊருக்குக் கொண்டுபோனார்கள். ஏற்றும்போது எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் கை கொடுத்ததால் எடை பங்குபோட்டுப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் இரண்டு நீளத் தண்டுகளை அடியில் கொடுத்துக் கட்டினார்கள். பதினாறு பேர். எல்லாரும் வலை இழுக்கிற தோள்கள். அலைக்கு எதிராகப் படகைத் தள்ளுகிறவர்கள். தலைவர் துண்டை வீசினார்.

எழுந்தது. எழுந்ததும் பதினாறு முகமும் மாறியது. கழுத்து நரம்புகள் புடைத்தன. சிமெண்டுத் தரையில் பத்து அடி, பதினைந்து அடி வைத்தார்கள்.

“ஏண்டா, இது குதிரயா குவாரிக் கல்லா?” என்று முன்வரிசையில் ஒருவன் பல்லைக் கடித்தபடி கேட்டான்.

“ஆர்ட்டிஸ்டு குதிரடா. மெதுவா வாங்க, கலை செதறிடப் போவுது,” என்றான் பின்னாலிருந்தவன். தண்டின் கீழேயே சிரித்தார்கள். சிரித்ததில் பத்திரமாக ஒரு பத்து அடி நகர்ந்தது.

பிறகு சிமெண்டு முடிந்து மணல் ஆரம்பித்தது. முதல் நால்வரின் கால் கணுக்கால் வரைக்கும் இறங்கியது. அடுத்த அடி எடுக்க முடியவில்லை. எடை முன்னால் சாய்ந்தது. யாரோ “வுடாத, வுடாத” என்று கத்தினார்கள். ஒருவன் முழங்கால் மடங்கி உட்கார்ந்தான். மூச்சடக்கி, கோணிச் சாக்குகளை உதைத்துத் தள்ளி, அவற்றின்மேல் இறக்கினார்கள். தோளைத் தேய்த்துக்கொண்டு எல்லாரும் மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். சிரிப்பு நின்றுபோயிருந்தது.

“இன்னும் ஆத்தா ஏறல,” என்றான் முன்வரிசைக்காரன். “பூ ஏறல. பூசாரி ஏறல.”

அங்கிருந்தே கடல் தெரிந்தது. ஒரு கூப்பிடு தூரம்கூட இல்லை.

அடுத்த நாள் இருபத்து நான்கு பேர் தூக்கிப் பார்த்தார்கள். தண்டில் இடம் போதாமல் ஒருவரை ஒருவர் மிதித்தார்கள். ஒரு தண்டு படீரென்று பிளந்தது. மச்சானுக்குப் போன் செய்தேன். குறிஞ்சிப்பாடியிலிருந்து பைக்கில் வந்தான். குனிந்து குதிரையின் வயிற்றுக்கடியில் போய்த் தட்டித் தட்டிக் கேட்டான். வெளியே வந்து வாயைத் திறக்கும் முன்பே, நான் சொன்னேனே என்று சொல்லப்போகிறான் என்று தயாராக நின்றேன். சொல்லவில்லை.

“ரெண்டு நாளு வேல மாமா. வயித்துல கீழால தொறந்து கொடஞ்சி எடுத்துடலாம். பாதி வெயிட்டு போயிடும். மேல ஒண்ணும் தெரியாது.”

இரண்டு நாள் வேலை. மாசி மகத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்த கடைசி நிமிஷம் அதுதான்.

கோயில் வாசலில் ஊர் கூடியது. நான் எழுந்து நின்று சொன்னேன். ஆண்கள் பூசாரியைப் பார்த்தார்கள். பூசாரி, வழி இருக்கிறது என்றார்: குதிரையின் சக்தியைக் கலசத் தண்ணீரில் இறக்கி, கண்ணை மூடி, ஒரு மண்டலம் வைத்துவிட்டால் அப்புறம் இரும்பு படலாம். நாற்பத்தெட்டு நாள்.

“ஒம்பது நாள்தான் இருக்குது,” என்றார் தலைவர்.

“அதுக்கு நான் இன்னா பண்ண? கண்ணத் தொறந்தாச்சே,” என்றார் பூசாரி.

நான் கெஞ்சினேன். நான் ஆர்ட்டிஸ்ட், சாமி மரம் என்று பிரித்துப் பார்க்காதவன் என்றெல்லாம் என்னென்னவோ பேசினேன். ஒரு துணியால் அதன் கண்ணைக் கட்டிவிட்டுச் செய்துவிடுகிறேன் என்றுகூடச் சொன்னேன். அப்போது தலைவரின் அக்கா எழுந்தார். துறைமுகத்தில் மீன் வாங்கிக் கூடையில் விற்கிறவர். சத்தமே போடவில்லை அவர்.

“அது கண்ணத் தொறந்து மொத மொதல்ல பாத்தது யார? ஒன்னத்தான? ஒன் மூஞ்சியத்தான பாத்துச்சி? இப்ப நீயே உளிய எடுத்துக்கினு அது வயித்தாண்ட போறியா?”

உட்கார்ந்துவிட்டேன்.

அந்த மாசி மகத்துக்கும் அம்மன் டிராக்டரில் போனாள். நான் போயிருக்கக் கூடாது, போனேன். கரையில் சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகள் எல்லாம் தோள்களில் ஆடி ஆடி வந்தன. டிராக்டர் மணலில் உறுமிக்கொண்டு இறங்கியபோது, பக்கத்து ஊர்க் கும்பலில் ஒருத்தன் கை தட்டினான். “லைசென்சு ரினிவல் பண்ணிட்டாங்கடோய்!” கும்பல் சிரித்தது. தலைவர் டிராக்டரின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி நடந்தார். என்னைப் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன்.

சரி, அடுத்த வருஷம் என்றார்கள். கார்த்திகையில் கலசத்தில் இறக்கலாம், தையில் குடையலாம். நான் அந்த வருஷம் முழுக்க அதற்காகத்தான் காலையில் எழுந்தேன். கடையில் என் இடத்தில் வேறு ஆள் வந்துவிட்டதால், ஒரு பிளைவுட் கடையில் நின்று அளவு எடுத்துக் கொடுத்தேன். குடைகிற உளிகள் நான்கை வாங்கிப் பிடி போட்டுத் தீட்டி, எண்ணெய்த் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்தேன். மனைவி புடவை எடுக்கும்போதெல்லாம் அந்தத் துணி மூட்டையைத் தூக்கி இந்தப் பக்கம் வைத்து, திரும்ப அந்தப் பக்கம் வைப்பாள்.

ஐப்பசியில் தலைவர் போன் செய்தார்.

“தம்பி, மனசுல வெச்சிக்காத. வெளிநாட்டுல இருக்கற நம்ம ஊரு பசங்க சேந்து ஒரு குதிர அனுப்பிட்டாங்க. பைபரு. எட்டு பேரு தூக்கிக்கினு ஓடறான் தம்பி. பந்து மாதிரி போவுது.”

“நல்லதுங்க,” என்றேன்.

“ஒன் குதிர பத்தரமா இருக்குது. கொட்டாயில வெச்சிருக்கறோம்.”

பத்திரமாகத்தான் இருந்தது. ஒருமுறை போய்ப் பார்த்தேன். கோயிலுக்குப் பக்கத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. தேர்த் துணி, மைக் செட் பெட்டி, பழைய வலை. குதிரையின் கழுத்தில் யாரோ ஒரு வலையைக் காயப் போட்டிருந்தார்கள். பூசாரி வாரம் ஒருமுறை வந்து ஊதுவத்தி காட்டுகிறாராம், கண் திறந்த பொருளாயிற்றே. அது பார்த்துக்கொண்டிருந்தது. எதிர்ச் சுவரை. நான் போய் அந்தச் சுவருக்கும் அதற்கும் நடுவில் நின்றேன். கொஞ்ச நேரம் கூட நிற்க முடியவில்லை. வெளியே வந்து உப்பனாற்றுப் பாலத்தில் உட்கார்ந்து அழுதேன். ஆண்பிள்ளை அழுதால் பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள், பார்த்தார்கள். அந்த வருஷத்தில்தான் பிளைவுட் கடை ரசீதுகளின் பின்பக்கம் எதையாவது கிறுக்க ஆரம்பித்தேன். சொல்லுக்கு எடை இல்லை, எவன் தோளும் நோகாது என்று நினைத்தேன். அதுவும் சரியில்லை.

2011 முடிய ஒரு நாள் இருக்கும்போது ‘தானே’ புயல் கடலூரில் கரையேறியது. மச்சான் வீட்டு ஓடு பறந்து, குறிஞ்சிப்பாடிப் பக்கமெல்லாம் முந்திரியும் பலாவும் படுத்துவிட்டன. ஒரு வாரம் அவனோடு நின்று கூரை போட்டுக் கொடுத்தேன். அப்புறம் அந்த ஊருக்குப் போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. போகாமல் இருக்க முடியவில்லை.

கொட்டகை இல்லை. சுவரும் இல்லை. பைபர் குதிரை உப்பனாற்றுச் சேற்றில் தலை இல்லாமல் கிடந்ததாகச் சொன்னார்கள். உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் குவியலுக்கு நடுவில் என் குதிரை நின்றது. பிடரியில் ஒரு கீறல். வேறொன்றும் இல்லை. நெற்றியில் புது மஞ்சள், காலடியில் பூ. யார் யாரோ வந்து கும்பிட்டுப் போயிருந்தார்கள்.

தலைவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நரைத்திருந்தார். “அசையல தம்பி. ஊரே பறந்துச்சி. ஒன் குதிர ஒரு வெரக்கட அசையல.”

நான் மனசுக்குள் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். மாசி மகத்துக்கு அறுபது நாளுக்கு மேல் இருந்தது. மண்டலம் போக இரண்டு வாரம் கையில். மரம் நான்கு வருஷம் காய்ந்திருக்கிறது, தானாகவே கொஞ்சம் லேசாகியிருக்கும். வயிற்றையும் எடுத்துவிட்டால் பதினாறு பேருக்கு அடங்கும். உளிகள் பீரோவில் இருக்கின்றன.

“இப்பக் கலசத்துல எறக்கிட்டா, குடைஞ்சிடலாம் தலைவரே. இந்த வருஷம் தோள்லயே போயிடலாம்.”

அவர் புரியாமல் பார்த்தார்.

“எதுக்குத் தம்பி கொடையணும்? வெயிட்டு இருந்ததாலதான நின்னுது?”

அதற்குள் ஊர் முடிவெடுத்திருந்தது. புயலையே நின்று பார்த்த குதிரை. அது இனி எங்கும் போக வேண்டாம். அம்மனுக்கு நேர் எதிரே மேடை கட்டி, மேலே மண்டபம் எழுப்பி, நிரந்தரமாக நிறுத்திவிடுவது. கடலுக்குப் போக வேறு பைபர் குதிரைக்குச் சொல்லியாயிற்று. இரும்பு படாமல், பீடத்தைச் சுற்றிக் கான்கிரீட் மட்டும் கொட்டினால் போதும் என்று பூசாரியும் சொல்லிவிட்டார். எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். எனக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்தார்கள். அதைச் சொன்ன தலைவரின் கண்ணில் ஈரம் இருந்தது. நான் எந்த வாயால் மறுப்பேன்?

தையில் போனேன். நிலை சரிபார்க்க நானே வர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். டிராக்டரை மேடையை ஒட்டிக் கொண்டுவந்து, குதிரையை அதன்மேல் இறக்கினார்கள். கொத்தனார் எந்தப் பக்கம் திருப்புவது என்று கேட்டார். சாமிக்கு எதிரே நிற்கும் வாகனம் சாமியைத்தான் பார்க்க வேண்டும். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. அம்மன் கிழக்கே பார்த்திருந்தாள், கடலை. குதிரையை மேற்கே திருப்பினார்கள். அலைச் சத்தம் அதன் வாலுக்குப் பின்னால் போயிற்று.

தலைவரின் அக்கா பக்கத்தில் வந்து நின்றார். “நல்லா பாத்துக்குவோம்,” என்றார்.

ரசமட்டத்தை முதுகில் வைத்துப் பார்த்தேன். இடப்பக்கம் நூலளவு தாழ்ந்திருந்தது. ஒரு சில்லைக் கொடுத்துச் சரிசெய்தேன். சாந்துச் சட்டிகள் கைமாறி வந்தன.

“சார், எதுவரைக்கும் கொட்டட்டும்? பீடம் மட்டுமா, காலும் சேத்தா?” என்றார் கொத்தனார்.

பீடம் மட்டும் போட்டால் என்றைக்காவது பெயர்க்கலாம். அது எனக்குத் தெரியும். அவர் முகத்தைப் பார்த்தேன். தலைவரைப் பார்த்தேன். பெயர்த்து என்ன செய்வேன், எந்தத் தோளில் ஏற்றுவேன்?

“கணுக்கால் வரைக்கும் வரட்டும்,” என்றேன்.

கொட்டினார்கள். குளம்புகள் போயின. கொத்தனார் மட்டக்கோலால் இழுத்து வழவழப்பாக்கி, எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

“ரெண்டு நாளைக்கு யாரும் கை வெக்காதீங்க. அசஞ்சா வெடிப்பு வுட்டுடும்.”

என் கை அதன் கழுத்தில் இருந்தது. எடுத்துக்கொண்டேன்.